எல்லைச் சீமையின் சந்தை ஊர்கள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பார்க்க வேண்டிய இடங்கள் எவை என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: கே.ஆர்.பி. அணை, கிருஷ்ணகிரிக் கோட்டை, இராயக்கோட்டை மலை, ஓசூர் சந்திரசூடேஸ்வரர் கோயில். போச்சம்பள்ளிச் சந்தையை யாரும் சொல்வதில்லை. பாரூர் ஏரிப் பாசனத்தில் விளைந்ததும், ஊத்தங்கரைப் பக்கத்து மேட்டுக்காட்டில் மேய்ந்ததும் ஞாயிற்றுக்கிழமை விடியலில் வந்து சேரும் அந்த மைதானம், அவ்வட்டாரத்து மக்களுக்குப் பிழைப்பின் இடம். அதனாலேயே அது பார்க்கும் இடமாகக் கணக்கில் வராமல் போய்விட்டது.

இதற்கு நேர்மாறாக, ஸ்காட்லாந்தின் தெற்கு எல்லையில் கெல்சோ, ஹாவிக், ஜெட்பர்க், செல்கர்க் என்று சில சிறு நகரங்கள் இருக்கின்றன. வரலாற்றுச் சந்தை நகரம் என்பதுதான் அவற்றின் அடையாளமே. ஒரு சதுக்கம், ஒரு கல்தூண், ஒரு நகரமன்றக் கட்டடம், சுற்றிலும் பழைய கடைவீடுகள். இவற்றைப் பார்க்க உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அந்தச் சதுக்கங்களில் பழைய பொருளில் சந்தை கூடுவது பெரும்பாலும் நின்றுவிட்டது. நம் பக்கத்தில் சந்தை நிற்கவே இல்லை. அதற்கொரு வரலாறு உண்டு என்றுதான் ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

இவ்விரண்டையும் அருகருகே வைத்தால் ஒரு கேள்வி எழுகிறது. சந்தை ஊரின் பழமை எதில் இருக்கிறது? பார்க்கப் போகிறவர் எதைப் பார்க்க வேண்டும்? காக்க நினைப்பவர் எதைக் காக்க வேண்டும்?

மூன்று உரிமைகள்

ஸ்காட்லாந்தின் சந்தை நகரங்கள் தானாக வளர்ந்தவை அல்ல. அரச ஆணையால் உருவானவை. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் டேவிட் மன்னர் (ஆட்சி 1124–1153) பல ஊர்களுக்கு 'பர்க்' என்னும் நகரத் தகுதியை அளித்தார். அந்தத் தகுதி பெற்ற ஊரில்தான் வாரச் சந்தையும் ஆண்டுத் திருவிழாச் சந்தையும் கூடலாம். சுற்றுவட்டாரத்து விளைச்சல் அங்கேதான் வந்து விலையாக வேண்டும்.

இந்த உரிமைக்கு மூன்று அடையாளங்கள் இருந்தன. முதலாவது 'மெர்காட் கிராஸ்' என்னும் சந்தைத் தூண். இங்கே சந்தை கூடலாம் என்பதற்கு அது சாட்சி. அரச அறிவிப்புகளும் அதன் அடியில் நின்றே வாசிக்கப்பட்டன. இரண்டாவது 'டோல்பூத்' என்னும் சுங்கச் சாவடி. சுங்கம் வாங்கும் இடமாகத் தொடங்கி, நகரமன்றமும் சிறைச்சாலையும் அதற்குள்ளேயே அமைந்தன. மூன்றாவது 'டிரான்' என்னும் பொதுத் தராசு. அவரவர் தராசை நம்பாமல், ஊர் நிறுத்திய தராசில் எடை போட்டுக்கொள்வது முறை. எடின்பரோவில் இன்றும் ஒரு பழைய தேவாலயம் அந்தத் தராசின் பெயரால்தான் அழைக்கப்படுகிறது.

கூடும் உரிமை, சுங்கம் வாங்கும் உரிமை, எடை போடும் உரிமை ஆகிய மூன்றும் சேர்ந்ததே சந்தை. இந்த அளவுகோலை நம் வாரச்சந்தைகளுக்கு வைத்துப் பார்த்தால் மூன்றும் குறைவின்றி இருக்கின்றன. சந்தை கூடும் நாளை ஊர் தீர்மானித்துப் பல தலைமுறை ஆகிறது. பக்கத்து ஊர்ச் சந்தை நாளோடு மோதாமல் அந்த நாள் அமைந்திருக்கிறது. சுங்கம் வாங்கும் உரிமையை உள்ளாட்சி ஆண்டுதோறும் ஏலம் விடுகிறது. ஏலம் எடுத்தவரின் ஆட்கள் நுழைவாயிலில் நின்று மாட்டுக்கு இவ்வளவு, ஆட்டுக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு சீட்டுக் கிழித்துத் தருகிறார்கள். தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை போடும் பொறுப்பைத் தொழிலாளர் துறை பார்க்கிறது. ஸ்காட்லாந்து நகரங்களிடம் இருந்து நம்மிடம் இல்லாதது அந்தக் கல் மட்டுமே. நம் சந்தைக்கு நடுவில் புளியமரம் நின்றது, கிணறு இருந்தது, அம்மன் கோயில் இருந்தது. அவற்றுக்கு யாரும் பலகை வைக்கவில்லை.

மேல்நாடும் கீழ்நாடும்

இந்தச் சீமையில் இவ்வளவு சந்தைகள் ஏன் என்பதற்கு முதல் விடை நிலத்தில் இருக்கிறது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுநிலம். கிருஷ்ணகிரி அதிலிருந்து பல நூறு மீட்டர் கீழே. போச்சம்பள்ளியும் பாரூரும் அதற்கும் தாழ்ந்த சமவெளி. மேலே கேழ்வரகும் காய்கறியும் பூவும் விளையும். கீழே நெல், தென்னை, மா, புளி. மேலே இருப்பவருக்குக் கீழே விளைவது வேண்டும். கீழே இருப்பவருக்கு மேலே விளைவது வேண்டும். இரண்டும் சந்திக்கும் கணவாய் வழியில் சந்தை முளைக்காமல் இருந்தால்தான் வியப்பு.

இரண்டாவது விடை தண்ணீர். கர்நாடகத்தின் நந்தி மலையில் புறப்படும் தென்பெண்ணை, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையையும் கிருஷ்ணகிரிக்கு அருகே கே.ஆர்.பி. அணையையும் கடந்து நெடுங்கல் அணைக்கட்டுக்கு வருகிறது. அங்கிருந்து பிரியும் கால்வாய் பாரூர் பெரிய ஏரியை நிரப்புகிறது. ஏரியின் கிழக்கு, மேற்குப் பிரதானக் கால்வாய்களில் தண்ணீர் திறக்கும் ஆண்டு போச்சம்பள்ளிச் சந்தைக்கு ஒரு முகம். திறக்காத ஆண்டு வேறு முகம். ஏரியில் தண்ணீர் இருந்தால் நெல்லும் தேங்காயும் மீனும் வரும். இல்லாவிட்டால் ஆடும் மாடும் அளவுக்கு மீறி வந்து குவியும், விலை விழும். மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் ஒன்று பாரூரில் திலேப்பியா மீன்குஞ்சு உற்பத்தி செய்வதும் இந்த ஏரியை ஒட்டிய கதைதான்.

மூன்றாவது விடை எல்லை. பர்கூர் வட்டாரத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. அவ்வளவு பழைய குடியிருப்பு உள்ள இந்நிலம் வரலாற்றுக் காலம் முழுவதும் இரு அரசுகளுக்கு நடுவே கிடந்தது. மாவட்டமெங்கும் நிற்கும் நடுகற்களில் பல, மாடு பிடிக்க வந்தவர்களை எதிர்த்தோ, பிடிபட்ட மாட்டை மீட்கப் போயோ இறந்த வீரர்களுக்கு எடுத்தவை. கால்நடையே செல்வமாக இருந்த எல்லைப்புறத்தில் மாடு இரண்டு வழியாகக் கை மாறியது. ஒன்று பூசல், மற்றது சந்தை. ஸ்காட்லாந்து எல்லையிலும் இதே நிலைதான். 13ஆம் நூற்றாண்டிலிருந்து 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, 'ரீவர்' எனப்பட்ட எல்லைக் குடிகள் இரவில் குதிரையேறிப் போய் அடுத்த பக்கத்து மாட்டை ஓட்டி வந்தார்கள். எல்லை அமைதியடைந்த பிறகே அந்த ஊர்களின் கால்நடைச் சந்தைகள் தழைத்தன.

நம் எல்லை அமைதியடைந்த கதையில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் வருகிறார். 1767இல் முதல் மைசூர்ப் போரில் காவேரிப்பட்டணம் கை மாறியது. 1791 நவம்பரில் மாக்ஸ்வெல் தலைமையிலான கிழக்கிந்தியக் கம்பெனிப் படை கிருஷ்ணகிரியைத் தாக்கியபோது கீழ்க்கோட்டை விழுந்தது, மேல்கோட்டை விழவில்லை. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கிருஷ்ணகிரி சேர்ந்த பாராமகால் பகுதி கம்பெனி வசம் வந்தது. ஓசூர் சேர்ந்த பாலாகாட் பகுதி 1799இல் திப்பு வீழ்ந்த பின்பே வந்தது. பாராமகாலின் நிலவரியைச் சீர்செய்ய கேப்டன் அலெக்சாண்டர் ரீட் அமர்த்தப்பட்டார். அவருடைய உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. 1761இல் கிளாஸ்கோவில் பிறந்தவர், வணிகக் குடும்பம். அமெரிக்க விடுதலைப் போரில் தந்தையின் தொழில் நொடித்த பின் 1780இல் சென்னைக்கு வந்தார். 1792 முதல் 1799 வரை இந்தச் சீமையில் ஊர் ஊராகப் போய் நிலம் அளந்தார். பின்னாளில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவிய இரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது.

மன்றோவை நிலவரியோடு மட்டுமே சேர்த்துப் பேசுவது வழக்கம். சந்தையோடும் சேர்த்துப் பேச வேண்டும். ஒவ்வொரு குடியானவரும் தன் நிலத்துக்குத் தானே வரி கட்ட வேண்டும், அதையும் காசாகக் கட்ட வேண்டும் என்றானால், விளைச்சலைக் காசாக்க ஓர் இடம் வேண்டும். கிஸ்தி கட்டும் காலமும் சந்தை நிரம்பும் காலமும் ஒன்றாயின. பிறகு 1844இல் சென்னை மாகாணத்தில் உள்நாட்டு வழிச்சுங்கம் ஒழிக்கப்பட்டது; ஊருக்கு ஊர் நின்று சுங்கம் கட்டும் தொல்லை தீர்ந்து, தொலைவிலிருந்தும் சரக்கு வரத் தொடங்கியது. நம் காலத்தில் அதற்கு இணையான மாற்றம் 2017 ஜூலையில் வந்த சரக்கு சேவை வரி. ஓசூர் எல்லையில் வணிகவரிச் சோதனைச் சாவடிக்காக லாரிகள் வரிசையில் நின்ற காலம் அதோடு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை, போச்சம்பள்ளி

சந்தையைப் புரிந்துகொள்ள ஆட்டுப் பக்கம்தான் போக வேண்டும். விடிவதற்கு முன்பே மினி லாரிகளும் சரக்கு ஆட்டோக்களும் வந்துவிடும். ஆடு வாங்க வருபவர் முதலில் விலை கேட்பதில்லை. ஆட்டின் முதுகெலும்பின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்துவார். இடுப்பை இரு கையாலும் பிடித்துப் பார்ப்பார். சற்றே தூக்கி இறக்குவார்.

"கறி எவ்ளோ நிக்கும்ணா?"

"பன்னெண்டு நிக்கும். தூக்கிப் பாரு."

"பத்துக்கு மேல போவாதுண்ணா."

ஆட்டின் விலை அதன் உயிரெடைக்கு அல்ல, அறுத்தால் நிற்கும் கறிக்கு. அந்தக் கறியின் எடையைக் கையாலேயே சொல்லிவிடுகிறவர்கள் பேசும் பேச்சு இது. வளர்ப்புக்கு வாங்குகிறவர் கேட்கும் கேள்வி வேறு: எத்தனை ஈத்து, குட்டி எத்தனை போட்டது, பால் உண்டா. பக்ரீத்துக்கும் தீபாவளிக்கும் முந்திய வாரங்களில் இந்தப் பக்கம் காலை வைக்க இடம் இருக்காது.

மாட்டுப் பக்கத்தில் விலை காதில் விழாது. விற்பவரும் தரகரும் துண்டுக்கடியில் கை கோத்துக்கொள்கிறார்கள். விரலைப் பிடிப்பதே விலை. எத்தனை விரல், எந்த விரல் என்பதில் ஆயிரமும் நூறும் அடங்கிவிடும். முகத்தில் ஒன்றும் தெரியாது. பல்லைப் பார்ப்பதும் சுழியைப் பார்ப்பதும் அதற்கு முன்பே முடிந்திருக்கும். இந்த முறையைப் பற்றி இரண்டு கருத்து உண்டு. விற்பவரின் மானத்தை அது காக்கிறது, கடனுக்காக மாட்டை விற்க வந்தவர் எவ்வளவுக்கு விற்றார் என்பது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை என்பது ஒன்று. மூடிய துண்டுக்குள் தரகர் ஒருவருக்கே இரு பக்க விலையும் தெரிகிறது, இடைப்பட்டது அவருக்குப் போகிறது என்பது மற்றது. இரண்டும் உண்மைதான். இரண்டாவதன் சுமையைத் தாங்குபவர் சிறு விவசாயி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இவை தவிர, கோழிக்கும் சேவலுக்கும் ஒரு வரிசை. புளிக்கும் மிளகாய்க்கும் ஒரு வரிசை. கேழ்வரகு, சாமை, கொள்ளு, துவரைக்கு ஒரு வரிசை. கத்தி, அரிவாள், களைக்கொத்துக்கு இன்னொன்று. கயிறு, கழுத்து மணி, சாட்டைக்கு மற்றொன்று. காய்கறியைக் கூறு கட்டி வைத்திருக்கும் பெண்களில் பலர் தங்கள் தோட்டத்தில் பறித்ததையே கொண்டுவந்தவர்கள். அவர்களுக்கு அன்றைக்கு விற்ற காசில்தான் அந்த வாரத்து எண்ணெயும் மளிகையும். விற்க வந்தவரே வாங்கவும் வந்தவர் என்பது வாரச்சந்தையின் அடிப்படை இயல்பு. நகரத்துக் காய்கறி மார்க்கெட்டில் அதைப் பார்க்க முடியாது.

மொழியையும் கவனிக்க வேண்டும். ஒரே வியாபாரி ஒருவரிடம் தமிழிலும், அடுத்தவரிடம் தெலுங்கிலும், மூன்றாமவரிடம் கன்னடத்திலும், கறிக்கடைக்காரரிடம் உருதுவிலும் பேசி விலை முடிப்பது இங்கே திறமையாகக் கருதப்படுவதில்லை, இயல்பு. மொழிவழி மாநிலங்கள் 1956இல் பிரிந்தன. சந்தையில் அந்தக் கோடு விழவில்லை.

ஊருக்கொரு சரக்கு

மற்றச் சந்தை ஊர்கள் ஒவ்வொன்றும் ஒரு சரக்கால் அறியப்படுகின்றன. இராயக்கோட்டைக்குத் தக்காளி. அங்கே மண்டியில் அதிகாலையில் எழும் விலைதான் பல ஊர்ச் சமையலறைகளை எட்டுகிறது. பர்கூருக்குத் துணி. நெடுஞ்சாலையோர ஊர் ஒன்று மொத்த ஜவுளி வியாபாரத்துக்குப் பெயர் எடுத்து, குட்டி சூரத் என்று சொல்லும் அளவுக்கு வளர்ந்தது. கோட்டை மலையடிவாரப் பழையபேட்டையை உள்ளடக்கிய கிருஷ்ணகிரிக்கு மாங்காயும் புளியும். மாங்கூழ் ஆலைகளுக்குப் போகும் பெங்களூரா மாங்காய் ஒரு பருவம். வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் உட்கார்ந்து கொட்டை தட்டி எடுக்கும் புளி இன்னொரு பருவம்.

ஓசூருக்கு உழவர் சந்தையும் பூவும். 1999இல் தமிழகத்தில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டம் நன்றாக வேரூன்றிய ஊர்களில் ஓசூர் ஒன்று. மேட்டுநிலக் காய்கறி வாசலிலேயே விளைவது அதற்குக் காரணம். காதலர் தினத்தை ஒட்டி இப்பகுதி ரோஜா வெளிநாட்டுக்கு விமானம் ஏறுகிறது.

குந்தாரப்பள்ளிக்கு வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. இதில் நின்று பார்க்க ஒன்று இருக்கிறது. கிருஷ்ணகிரிக்கு வடக்கே வேப்பனப்பள்ளிப் பக்கம் உள்ள சின்னகொத்தூர், 13ஆம் நூற்றாண்டில் குந்தாணி என்னும் பெயரில் ஒய்சள மன்னர் வீர ராமநாதனின் தலைநகராக இருந்தது. இன்று அது சிற்றூர்; கோயிலும் கல்வெட்டும்தான் சாட்சி. தலைநகர் மறைந்துவிட்ட அந்த வட்டாரத்தில் வாரந்தோறும் ஆடு வாங்க வெளி மாநிலத்து வண்டிகளும் வருகின்றன.

ஸ்காட்லாந்திலும் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. கெல்சோவுக்கு எதிரே ரோக்ஸ்பர்க் என்று ஒரு நகரம் இருந்தது. முதலாம் டேவிட்டின் காலத்தில் அந்நாட்டின் முதன்மை நகரங்களில் ஒன்று. 1460இல் அதன் கோட்டையை முற்றுகையிட்ட இரண்டாம் ஜேம்ஸ் மன்னர், தன் படையின் பீரங்கியே வெடித்து இறந்தார். கோட்டை தகர்க்கப்பட்டது, நகரம் அழிந்து புல்வெளி ஆயிற்று. ஆனால் அந்த வெற்றுப் புல்வெளியில் புனித ஜேம்ஸ் திருவிழாச் சந்தை அதன் பிறகும் பல நூற்றாண்டுகள் ஆண்டுதோறும் கூடிக்கொண்டிருந்தது. சந்தைக்கு வருகிற மக்களின் பழக்கம் மதில்சுவரைவிட வலியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அங்கே என்ன நடந்தது

ஸ்காட்லாந்து எல்லை நகரங்களின் கடந்த நூறாண்டை நாம் கவனமாகப் படிக்க வேண்டும். நமக்கு முன்னால் அவை அந்தப் பாதையில் நடந்திருக்கின்றன.

ஹாவிக் நகரில் 1817இல் ஆண்ட்ரூ ஆலிவர் என்பவர் கால்நடையை முறையாக ஏலம் விடத் தொடங்கினார். பிரிட்டனில் கால்நடை ஏலச் சந்தைகளுக்கு அது முன்னோடி. ஒருவருக்கொருவர் கைகோத்து முடித்த விலையை எல்லார் காதிலும் விழும்படி கூவச் செய்தது அந்த மாற்றம். அந்த ஏலச் சந்தை 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூடப்பட்டது. அது இருந்த இடத்தில் பேரங்காடி வந்தது. 1969 ஜனவரியில் அந்த வட்டாரத்துக்கு ஒரே ரயில் தொடர்பாக இருந்த எடின்பரோ–கார்லைல் பாதையும் மூடப்பட்டது. நகரங்கள் சுருங்கின. மக்கள் போராடிக் கேட்டதன் பயனாக, 46 ஆண்டுகள் கழித்து 2015 செப்டம்பரில் அந்தப் பாதையின் ஒரு பகுதி மீண்டும் திறக்கப்பட்டது. ஹாவிக் வரை அது இன்னும் எட்டவில்லை.

இதைப் படிக்கும்போது கிருஷ்ணகிரியை நினைக்காமல் இருக்க முடியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக ஓசூருக்கும் சிறு ரயில் பாதைகள் போடப்பட்டன. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுபோக உதவும் என்பது நோக்கம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இரண்டும் நிறுத்தப்பட்டன. ஓசூருக்கும் தர்மபுரிக்கும் பிறகு ரயில் திரும்பியது. மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு இன்றுவரை இல்லை.

ஸ்காட்லாந்தில் நடந்தது இழப்பு மட்டுமே அல்ல. கெல்சோவில் 1838 முதல் செம்மறிக் கிடா விற்பனை ஆண்டுதோறும் செப்டம்பரில் நடக்கிறது. ஒரே நாளில் பல ஏல வளையங்களில் ஆயிரக்கணக்கான கிடாக்கள் விலை போகின்றன. ஹாவிக், செல்கர்க் போன்ற ஊர்களில் ஆண்டுக்கொருமுறை ஊர் மக்கள் குதிரையேறி ஊர்ப் பொதுநிலத்தின் எல்லையைச் சுற்றி வருகிறார்கள். பொதுநிலத்தை யாரும் வளைத்துவிடக் கூடாது என்று தொடங்கிய சடங்கு அது. சந்தைப் புறம்போக்கு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கும் நமக்கு, அந்தச் சடங்கின் பொருளை விளக்கத் தேவையில்லை.

கட்டடங்களைக் காத்ததிலும் அவர்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 1931இல் தோன்றிய ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை, மறு ஆண்டே கல்ரஸ் என்னும் சிறு நகரில் ஒரு பழைய மாளிகையை வாங்கியது. பிறகு ஒவ்வொன்றாகச் சிறு வீடுகளை வாங்கி, பழுதுபார்த்து, குடியிருப்போருக்கே விற்று, அந்தப் பணத்தில் அடுத்த வீட்டை வாங்கியது. 17ஆம் நூற்றாண்டுத் தெரு ஒன்று அப்படித்தான் பிழைத்தது. ஆனால் கல்ரஸுக்குப் பயணிகள் வருவது தெருவைப் பார்க்க. அந்த ஊர்ச் சந்தைத் தூணடியில் முட்டையும் வெண்ணெயும் விற்க ஒருவரும் வருவதில்லை. கூட்டம் கலைந்த பிறகு நகர மையத்துக்கு எப்படி உயிரூட்டுவது என்பது அங்கே அரசுக் கொள்கைப் பிரச்சினை ஆகிவிட்டது. அரசு அலுவலகமோ மருத்துவமனையோ கட்டுமுன் முதலில் நகர மையத்தில் இடம் பார்க்க வேண்டும் என்ற கோட்பாட்டை ஸ்காட்லாந்து அரசும் உள்ளாட்சிகளும் 2014இல் ஏற்றன. வெளியே போனதை உள்ளே இழுக்கும் முயற்சி அது. எளிதில் கைகூடுவதன்று.

ஆலைகளின் நிழலில்

நம் சந்தைகள் இப்போது நிற்கும் இடம் அந்தத் திருப்பத்துக்கு வெகு தொலைவில் இல்லை. 1970களில் ஓசூரில் சிப்காட் வந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலைகள் வரிசையாக வந்தன. 2021இல் போச்சம்பள்ளி சிப்காட்டில் ஓலாவின் மின் ஸ்கூட்டர் ஆலை தொடங்கியது. ஆடு மேய்த்த குடும்பத்துப் பெண் சீருடையில் ஆலைப் பேருந்து ஏறுகிறார். மாதச் சம்பளம் வரும் வீட்டில் வாரச் சந்தைக்குப் போகும் கட்டாயம் குறைகிறது. ஆடு வளர்க்க ஆளும் மேய்ச்சல் நிலமும் குறைகின்றன. இதற்காக ஆலையைக் குறை சொல்வது சரியாகாது. நிலையான வருமானத்தை இந்த மக்கள் காத்திருந்து பெற்றிருக்கிறார்கள். ஆனால் சந்தை அந்த மாற்றத்தில் தானாகவே பிழைத்துவிடும் என்று விட்டுவிடுவதும் சரியாகாது.

சந்தையை என்ன செய்வது என்பதில் மூன்று பார்வைகள் நிலவுகின்றன. முதலாவது வருவாய்ப் பார்வை: சந்தை என்பது ஆண்டுக்கொரு ஏலத் தொகை. தொகை ஏறினால் வெற்றி. ஆனால் ஏலத் தொகை ஏற ஏற, குத்தகைதாரர் அதைச் சுங்கத்தில்தான் எடுப்பார். இரண்டு கூடைக் கத்தரிக்காய் கொண்டுவரும் பெண்ணின் மடியில்தான் அது விடியும். இரண்டாவது பொறியாளர் பார்வை: மைதானத்தைச் சிமென்ட் கல் பரப்பி, கூரை போட்டு, வரிசையாக மேடை கட்டிவிட்டால் சந்தை மேம்பட்டது. மழைக்கும் சேற்றுக்கும் கூரை தேவைதான். ஆனால் மாடு வழுக்கும் தளமும், மரம் வெட்டிய மைதானமும், எண் போட்ட கடைகளை ஆண்டு வாடகைக்கு எடுத்துக்கொள்ளும் மொத்த வியாபாரிகளும் சேர்ந்தால், வாரம் ஒருநாள் வரும் விவசாயி தரையிலும் இடமின்றி வெளியே சாலைக்குத் தள்ளப்படுவார். மூன்றாவது பழமைப் பார்வை: எதையும் தொடாதே, அப்படியே விடு. கழிப்பறை இல்லாத மைதானத்தில் விடியற்காலை நாலு மணி முதல் பிற்பகல் வரை உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் அதைச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

என் முடிவு இது. சந்தையில் காக்க வேண்டியது அதன் வழக்கம்: குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட இடம், யார் வேண்டுமானாலும் சரக்கோடு வந்து உட்காரலாம் என்ற திறந்த வாசல். இம்மூன்றும் நிலைக்க உதவும் எந்தக் கட்டுமானமும் நல்லது. இவற்றைக் குலைக்கும் எந்த மேம்பாடும் கேடு. ஸ்காட்லாந்து கல்லைக் காத்தது, கூட்டத்தை இழந்தது. நமக்குக் கூட்டம் இன்னும் மிச்சம் இருக்கிறது. திரும்பப் பெற அரிதானது நம் கையில் இருக்கும்போதே விழித்துக்கொள்ள வேண்டும்.

போகிறவரும் காக்கிறவரும்

சட்டத்தில் இதற்கு ஒரு பிடிமானம் உண்டு. 2014இன் தெருவோர வியாபாரிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, 50 ஆண்டுகளுக்கு மேல் வியாபாரம் நடந்துவரும் இயல்பான சந்தைகளை மரபுச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும், அங்குள்ள வியாபாரிகளை இடம் மாற்றக் கூடாது என்கிறது. அந்தச் சட்டம் நகர்ப்புற உள்ளாட்சிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதே பாதுகாப்பை ஊராட்சிகளின் வாரச்சந்தைகளுக்கும் தர மாநில அரசு முன்வர வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டச் சந்தைகள் அதற்கு முதல் பட்டியலாகத் தகுதியுள்ளவை.

உள்ளாட்சி செய்யக்கூடியவை சிறியவை, ஆனால் உடனே பலன் தருபவை. சுங்க விகிதத்தை நுழைவாயிலில் பெரிய எழுத்தில் எழுதிப் போடலாம். தலையில் சுமந்து வரும் சரக்குக்குச் சுங்கம் இல்லை என்று ஏல நிபந்தனையிலேயே சேர்க்கலாம். ஆட்டுப் பக்கத்தில் பொது எடைமேடை ஒன்று நிறுவினால் கறிக் கணக்கை நம்ப விரும்பாதவர் உயிரெடை பார்த்துக்கொள்ளலாம்; அது ஸ்காட்லாந்தின் பழைய பொதுத் தராசு செய்த அதே வேலை. பெண்களுக்குக் கழிப்பறை, கால்நடைக்குத் தண்ணீர்த் தொட்டி, கால்நடை மருத்துவர், நிழலுக்கு மரம். பழைய ஏலப் பதிவேடுகளும் சுங்கச் சீட்டுகளும் அலுவலகங்களில் செல்லரிக்கும் முன் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. அவற்றின் பக்கத்திலேயே பழைய படி, மரக்கால், வல்லம், துலாக்கோல் ஆகியவற்றுக்கும் ஓர் அறை வேண்டும். மாட்டுக்காக உயிர் விட்டவரின் கல்லும் மாட்டை விலை பேசிய கருவியும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள்.

பார்க்கப் போகிறவர் செய்யக்கூடியதும் உண்டு. அணைக்கும் கோட்டைக்கும் எந்த நாளும் போகலாம். சந்தை ஊருக்கு அதன் நாளில்தான் போக வேண்டும். காலை ஏழு மணிக்குள் போய்ச் சேர்ந்தால்தான் ஆட்டுச் சந்தையைப் பார்க்கலாம்; பத்து மணிக்கு மேல் பெரும்பாலும் காய்கறியும் பாத்திரமும்தான். விலை பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு நடுவே கைபேசியை நீட்டிப் படம் எடுக்காமல் இருப்பது மரியாதை. எதையாவது வாங்க வேண்டும்: அரைப் படி கொள்ளு, ஒரு கூறு அவரை, ஒரு களைக்கொத்து. வாங்கும்போதுதான் பேச்சு வரும். பேச்சு வந்தால்தான் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள், எத்தனை வருஷமாக வருகிறார்கள் என்பது தெரியும். பள்ளி மாணவர்களை அழைத்துப் போகும் ஆசிரியர்கள் இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஒவ்வொரு மாணவரும் ஒரு வியாபாரியிடம் அவருடைய சந்தை நினைவுகளைக் கேட்டு எழுதி வந்தால், சில ஆண்டுகளில் இந்த மாவட்டத்தின் வாரச்சந்தைகளுக்கு இதுவரை இல்லாத ஒரு வரலாறு உருவாகிவிடும்.

மன்றோவின் கணக்கு, பாராமகால் பதிவேடுகளாக 20ஆம் நூற்றாண்டில் சென்னை அரசால் அச்சாகி இன்றும் நமக்குக் கிடைக்கிறது. எந்த ஊரில் எவ்வளவு நிலம், எவ்வளவு வரி என்பதை அதிலிருந்து சொல்ல முடியும். அந்த வரியைக் கட்டியவர்கள் எந்தச் சந்தையில் எதை விற்றுக் காசு பார்த்தார்கள் என்பதை எழுதும் பொறுப்பு நம்முடையது. சந்தைக்கு வருகிற மூத்த தலைமுறை வாரந்தோறும் வரும்போதே அந்த வேலை தொடங்க வேண்டும். அதற்கு மாவட்ட நிர்வாகத்தின் ஆணைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.